இருநூறு மணி நேரம்

“வந்தவங்க முன்னாடி ஒரு பொம்பளையப் பாத்து, காது சரியில்லைன்னு சொல்றியே, நீயெல்லாம் மனுசனாடா?”

“சரியில்லைன்னு நான் சொல்லலக்கா. கவனிச்சுக் கேளுங்கன்னு சொன்னேன்.”

“மூணு தடவை சொன்ன.”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்த புளியையே மறுபடி கரைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதைக் கட்டிய மேஸ்திரி சிமெண்டில் சிக்கனம் பார்த்துவிட்டார். ஆகவே ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கேட்டது, அவ்வளவுதான்.

கத்தியது நாகம்மாள். தேவேந்திரனின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பிக்குச் சோறு பொங்கிப் போட வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். தேவேந்திரனுக்கு வயது நாற்பத்திரண்டு. திண்டிவனம் ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நெல் லாரியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை லாரியும் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பான். டிரைவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சுத்துணை என்று பார்த்தால் ஊர் மலைக்கோட்டையிலிருந்து இறங்கி வந்து கூண்டின் மேல் உட்காரும் குரங்குகள்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிவிடி பிளேயர். ஊரே செல்போனில் படம் பார்க்கிற காலத்தில் இவன் பழைய பிளேயர்களைத் தேடி வாங்கி, மூடியைக் கழற்றி, கம்பெனிக்காரன் வைத்த கெபாசிட்டரை எல்லாம் பிடுங்கிவிட்டு உசத்தியானதாக வைத்து ஈயம் பற்றவைப்பான். தோட்டத்து மோட்டார்களை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டால் எங்கள் தெருவில் லைட்டு மங்கும். இவன் பெட்டி மட்டும் மங்கக் கூடாதாம். அதற்காகத் தேங்காய் அளவு ட்ரான்ஸ்ஃபார்மரைத் தனி டப்பாவில் அடைத்து வைத்திருந்தான். பெட்டி அதிரக் கூடாது என்று மூடியின் உள்பக்கம் சைக்கிள் ட்யூப்பை வெட்டி ஒட்டியிருந்தான். ஒரே பெட்டிக்கு மூன்று வருஷம் இப்படி வைத்தியம் பார்த்தான்.

அதன் பக்கத்திலேயே கைபடாத பிளேயர் இன்னொன்று இருக்கும். இரண்டிலும் ஒரே நாகஸ்வரக் கச்சேரி டிஸ்க். இரண்டின் ஒயர்களும் ஒரு சின்ன டப்பா வழியாக டிவிக்குப் போகும். அந்த டப்பாவில் ஒரு ஸ்விட்ச். இந்தப் பக்கம் தட்டினால் இவன் கைவைத்த பெட்டி பாடும், அந்தப் பக்கம் தட்டினால் கம்பெனிப் பெட்டி பாடும். தெருவில் எல்லோரையும் ஒருமுறையாவது உட்காரவைத்து, எது நல்லா இருக்குது என்று கேட்டுவிட்டான். நானும் போயிருக்கிறேன். எதைச் சொன்னால் அவன் முகம் மலரும் என்று பார்த்து அதைச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்தேன். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அவனுக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அப்புறம் அந்த நாகஸ்வரத்தை அவன் ஒருவனாகவே கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஆனி மாச நடுவில்தான் வல்லத்திலிருந்து கலைச்செல்வி வந்தாள். கிராம நர்ஸ். வயது முப்பத்தாறு. இந்த வயசுக்கு மேல் என்னைச் சீவி முடித்து உட்காரவைக்க வேண்டாம், நானே போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணன் பச்சைமுத்துவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பச்சைப் புடவை, வலது கையில் வாட்ச். காம்பவுண்டில் துணி காயப்போடும் சாக்கில் அதுவரை பார்த்தேன்.

உள்ளே நடந்ததை நாகம்மாள்தான் பிறகு சொன்னாள். காப்பி கொடுத்தானதும் தேவேந்திரன் பெண்ணிடம் சம்பளம், சமையல், சாமி எதையும் கேட்கவில்லை. டிஸ்க்கைப் போட்டுவிட்டான். இந்தப் பக்கம் தட்டி, அந்தப் பக்கம் தட்டி, எது நல்லா இருக்குது என்றான். கலைச்செல்வி கண்ணை மூடிக் கேட்டாளாம், பிறகு திறந்து டிவியையும் பார்த்தாளாம். ரெண்டாவதுதான் என்றாள். ரெண்டாவதில் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது, படத்தில் தவில்காரரின் சிவப்புத் துண்டு ஓரத்தில் நிறம் கசியாமல் இருக்கிறது, முதலாவதில் எல்லாம் கூழாக இருக்கிறது என்றாள்.

ரெண்டாவது கம்பெனிப் பெட்டி. தேவேந்திரனுக்கு முகம் கறுத்துவிட்டது. கவனிச்சுக் கேளுங்க என்றான். அவள் மறுபடி கேட்டுவிட்டு அதையேதான் சொன்னாள். கவனிச்சுக் கேளுங்க, கவனிச்சுக் கேளுங்க என்று இவன் இன்னும் இரண்டு தடவை சொல்ல, பச்சைமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்தச் சண்டைதான் அன்றைக்குச் சுவர் வழியாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் நான் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அவன் கூடத்து ஜன்னல் தெரியும். அதற்காக நான் வற்றல் போடவில்லை. ஸ்விட்சைத் தன் பெட்டிப் பக்கம் வைத்துப் பாடவிட்டிருந்தான். உள்ளே ஏதோ பற்றவைப்பதற்காகத் தன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். நாகஸ்வரம் நிற்கவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றான். கச்சேரி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாகம்மாளைக் கூப்பிட்டான். அவளும் ஒத்துக்கொண்டாள். விருந்தாளிகள் வருகிறார்களே என்று பெண் வந்த அன்று காலையில் ஒயரை எல்லாம் பிடுங்கி மேசையைத் துடைத்தவள் அவள்தான். மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்துத்தான் சொருகியிருந்தாள். நிறம் சரி. பெட்டிதான் மாறிப்போனது.

“அப்ப அந்தப் பொண்ணு சொன்னது சரிதானாடா?”

“சரிதான்.”

“ரெண்டு தடவையும்?”

“ரெண்டு தடவையும்.”

“ஒரு வாரமா தெனம் கேட்டியே. மாறிப்போனது உனக்கே தெரியலையா?”

அவன் பிளக்கை மேசைமேல் வைத்தான். நான் வற்றலைத் திருப்பிப் போடுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷம் கைவைத்தவன் அவன். கேலி செய்ய எனக்கு எவ்வளவோ பிடிக்கும், அன்றைக்கு வாய் வரவில்லை.

ஆடி பிறக்க எட்டு நாள் இருந்தது. ஆடியில் யாரும் கல்யாணப் பேச்செடுக்க மாட்டார்கள். இன்றைக்கே வல்லத்துக்குப் போய், ஒயர் மாறிப்போச்சு, என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாடா என்று நாகம்மாள் கெஞ்சினாள். பஸ்ஸில் போனால் கால் மணி நேரம்கூட ஆகாது.

தேவேந்திரன் முடியாது என்று சொல்லவில்லை. பெட்டி இன்னும் முடியவில்லை என்றான். கடைசியாக நாலு கெபாசிட்டர் மாற்ற வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. புதுக் கெபாசிட்டர் இருநூறு மணி நேரம் ஓடிப் பழகினால்தான் சத்தம் இளகும், அதற்கு முன்னால் கேட்பது கேட்பதே இல்லையாம். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள் என்று நாகம்மாளுக்கு விளக்கியிருக்கிறான். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே காது இருக்கிற ஒரே ஆள் கலைச்செல்வி, அவள் முன்னால் அரைகுறைப் பெட்டியை எப்படி வைப்பது? எடுத்துக்கொண்டு போனால் முழுசாக எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கம். அந்த வெட்கம் ஒளிந்துகொள்ள இருநூறு மணி நேரம் வசதியாக இருந்தது.

வேலை முடிந்து வந்து ஓடவிட்டால் நாளுக்கு நாலு மணி நேரம். கரண்டு போகிற நாட்களில் அதுவும் கிடையாது. காலண்டர் தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தான். ஆடி முழுக்க அந்த நாகஸ்வரம் சுவர் வழியாக எங்கள் சாம்பாரில் விழுந்தது. கேட்க ஆளில்லாத நேரத்திலும் ஓடியது. அவன் வாசலில் உட்கார்ந்து, பெட்டி தன்பாட்டில் பழகட்டும் என்று விட்டிருப்பான். மனப்பாடமே ஆகிவிட்டது எனக்கு. கலைச்செல்வி சொன்ன அந்த மூச்சு எங்கே வருகிறது என்று நானும் காதைத் தீட்டிப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

ஆவணி மூன்றாம் ஞாயிறு இருநூறு முடிந்தது. பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி நாகம்மாள் மடியில் வைத்துக்கொண்டாள், அவன் மொபெட்டை ஓட்டினான். திருமணத்துக்குப் போகிற மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். போயிட்டு வாங்க என்று நானும் சொன்னேன், நிஜமாகவே.

வல்லத்தில் பச்சைமுத்து மரியாதையாக நாற்காலி போட்டார். காப்பி வந்த பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆடியிலேயே ஒரு இடம் தானாக வந்தது, பேச்சை எடுக்காமல் வைத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் தட்டு மாற்றிவிட்டார்கள். நாகம்மாளுக்கு மடியிலிருந்த பெட்டி அப்போதுதான் கனத்ததாம்.

தேவேந்திரன் எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை போட்டுக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றான். அவர்கள் டிவியில் ஒயரைச் சொருகினான். இந்தத் தடவை அவனே இரண்டு முறை சரிபார்த்தான். கலைச்செல்வி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி,” என்றான். “ஒயர் மாறிப்போச்சு. எனக்கே தெரியல.”

“எனக்குத் தெரியும்ங்க,” என்றாள் அவள். “வயித்துப் புள்ளையோட துடிப்பக் கேட்டுக் கேட்டுப் பழகின காது. அதுல தப்பு வந்தா உசுருல்ல போயிடும்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “ஒயர எடுத்துப் பாத்திருப்பீங்க, நாலு நாள்ல வருவீங்கன்னு நெனச்சேன்.”

“இருநூறு மணி நேரம் ஓடணும். அதான்.”

அவள் சிரிக்கவில்லை. கேக்குறேன், போடுங்க என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கச்சேரியில் ஒரு உருப்படி முழுக்கக் கேட்டாள். பச்சைமுத்து இடையில் வெளியே போய்விட்டார். முடிந்ததும் தேவேந்திரன் அவளைப் பார்த்தான். எது நல்லா இருக்குது என்று கேட்க அங்கே இன்னொரு பெட்டிகூட இல்லை.

“நல்லா இருக்குதுங்க,” என்றாள். “ஆனா அன்னைக்கு ரெண்டாவதாக் கேட்டதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.”

அவள் பொய் சொல்லத் தெரியாதவள் என்பது அவர்கள் இருவருக்குமே தெரியும்.

திரும்பி வரும் வழியில் ஒருமுறை மொபெட்டை நிறுத்தி, போர்வை நழுவுது, சரியாப் புடி என்றானாம்.

கலைச்செல்வியின் கல்யாணம் ஐப்பசியில் சேத்துப்பட்டில் நடந்தது. மாப்பிள்ளை பேர் இளவழகன், பாண்டிச்சேரியில் மருந்துக் கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல உயரம். அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டாள். நாகம்மாளின் மகள் வளர்மதிக்குக் கார்த்திகையில் இரண்டாவது பிரசவம். மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஆரணிக்குப் பஸ் ஏறிய நாகம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். ரேஷன் கார்டிலும் பெயரை மாற்றிக்கொண்டாளாம். தேவேந்திரனுக்கு அதற்கப்புறம் யாரும் பெண் பார்க்கவில்லை. அவன் எங்கேயும் போகவும் இல்லை, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான்.