டிக்கியிலிருந்து ஒரு சத்தம்

மாமனாருக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்த பிறகு, அவரைச் சின்னக் காரில் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் பெரும்பாடாகிப் போனது. சீட்டு அவ்வளவு தாழ்வு. வெளியே வரும்போது மகன் ஒரு கையையும் மருமகள் ஒரு கையையும் பிடித்து இழுக்க, பதினொரு வயதுப் பேத்தி பின்னாலிருந்து முதுகைத் தள்ளுவாள். நாற்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர். "ஊரையே மேல ஏத்திவிட்டவன் நான். என்னைத் தூக்க மூணு ஆளு வேண்டியிருக்கு," என்று சிரிப்பார். ஆனால் நாளாக ஆக, எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

மருமகளுக்கு அது பொறுக்கவில்லை. உயரமான வண்டியாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவள் அவள்தான். பின்னால் அதை நினைத்துப் பல நாள் தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

நாலு ஷோரூம் ஏறி இறங்கினார்கள். விற்பனைக்காரர்கள் திரையைக் காட்டினார்கள், கூரையைத் திறந்து மூடினார்கள். மாமனார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைத்தடியை மருமகளிடம் கொடுப்பார், முன்சீட்டில் உட்காருவார், எழுந்து பார்ப்பார். "ஆகாது. அடுத்தது," என்பார். நாலாவது ஷோரூமில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அதற்கப்புறம் எழவில்லை.

"மாமா, எந்திரிக்க முடியலையா?" என்று அவள் பதறிப்போய்க் கேட்டாள்.

"முடியுதும்மா. அதான் உக்காந்திருக்கேன்."

அத்தோடு வண்டி முடிவாகிவிட்டது. அவள் கணவன் நீச்சல் பயிற்சியாளன், ஆறடி இரண்டு அங்குலம். ஒன்பது வருடமாக முழங்காலை ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டிருந்தவன், காலை நீட்டி உட்கார்ந்ததும் சொக்கிப்போனான். மூன்றாவது வரிசை சீட்டுக்குள் குரங்குபோலத் தாவிய ஆறு வயது மகன், கப் வைக்கும் குழிகளை எண்ணிப் பதினொன்று என்று அறிவித்தான்.

அவளும் ஒருமுறை ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பானெட் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பல்செட்டு செய்யும் லேபில் அவளுக்கு வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் யாரோ ஒருவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள், ஓரம் எது நுனி எது என்று தெரியாத வண்டியிலிருந்து உடனே இறங்கிவிட்டாள்.

"இப்பவே சொல்லிட்டேன். இதை நான் ஓட்ட மாட்டேன்."

"உன்னை யாரு ஓட்டச் சொன்னா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் அவன், பெருந்தன்மையாக.

சின்னக் காரை ஒரு பள்ளிக்கூட டீச்சர் வாங்கிக்கொண்டு போனாள். தெருமுனையில் அது திரும்புகிறவரை மருமகள் வாசலில் நின்று பார்த்தாள். மறுநாளிலிருந்து லேபுக்குப் பஸ். கேட்டவர்களிடம், பஸ்ஸில் போனால் கால்மணி நேரம் தூங்கலாம் என்று சொல்லிக்கொண்டாள். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போனாள்.

மற்றபடி வீட்டில் வண்டியைக் குறை சொல்ல ஆளில்லை. மாமனார் டிவியை அணைத்துவிட்டுக் காலையிலேயே சட்டை மாற்றி உட்காரத் தொடங்கினார். பால் வாங்கப் போனால்கூட அவரும் போனார். வாசல் கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். கணவன் தினமும் பக்கக் கண்ணாடிகளை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைப்பான், தான் மூச்சைப் பிடித்தால் வண்டி ஒல்லியாகும் என்பதுபோல. அதே வண்டி வைத்திருப்பவர்களின் குழு ஒன்று ஃபோனில் இருந்தது. அதில் சேர்ந்து, யாருக்கு என்ன மைலேஜ் கிடைக்கிறது என்று சாப்பிடும்போது வாசித்துக் காட்டினான்.

இரண்டாவது மாதம் சத்தம் வந்தது.

மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் பின்பக்கத்திலிருந்து 'டிக், டிக்' என்று கேட்கும். நல்ல ரோட்டில் கேட்காது. சர்வீஸ் சென்டர் ஆள் கூட ஏறி உட்கார்ந்தால் எந்த ரோட்டிலும் கேட்காது. "சார், வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி போகுதே," என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழுவில் கேட்டால், ஜாக்கியைக் கழற்று, ஸ்டெப்னியை இறுக்கு, சீட்டுக்கடியில் பிள்ளைகள் எதையாவது போட்டிருக்கும் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் செய்தான். மூன்று பென்சிலும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. சத்தம் போகவில்லை.

"ஓட்டிக்கிட்டே கண்டுபிடிக்க முடியாது. ஒருத்தர் பின்னால படுத்துக் காது குடுக்கணும்," என்றான் ஒரு சனிக்கிழமை.

"மாமா கேப்பாரே."

"எனக்கு நீ கூப்பிடறதே கேக்க மாட்டேங்குது," என்றார் மாமனார்.

அப்பாவும் மகனும் அவளைப் பார்த்தார்கள். காது கொடுக்க அவன், ஓட்ட அவள் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நீச்சல்குளத்துக்கு வெளியே இருந்த வண்டி நிறுத்தும் மைதானம் காலியாகக் கிடந்தது. நாலு வேகத்தடைகள்தான் துணை. கணவன் டிக்கிக்குள் ஏறி, நெடிய உடம்பை மூன்றாக மடித்துப் படுத்துக்கொண்டான். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்து, உயரத்தைக் கூட்டி, இன்னும் கூட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"நடந்து போற வேகம் போதும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

முதல் சுற்றில் அவள் மூச்சே விடவில்லை. மூன்றாவது சுற்றில் வேகத்தடை எப்போது சக்கரத்துக்கடியில் வரும் என்று பிடிபட்டது. ஏழாவது சுற்றில் வெள்ளைக்கோட்டின் மேலேயே சக்கரம் போகிறதா என்று பார்த்தாள், போனது. சின்னக் காரைவிட இதில் ரோடு நன்றாகத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

கணவனுக்குச் சத்தம் ஒருதடவை இடப்பக்கம் கேட்டது, ஒருதடவை வலப்பக்கம், ஒருதடவை கூரையில். இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டு இறங்கினான்.

"வித்துடலாம்," என்றான்.

"ரெண்டு பிளாஸ்டிக் எங்கியோ உரசுது. அவ்வளவுதானே? எங்க லேபுல தினமும் இதே வேலைதான்."

திங்கட்கிழமை அவள் லேபிலிருந்து ஒரு சின்னக் கட்டு நீலத்தாள் கொண்டுவந்தாள். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் செய்தால், எங்கே உயரம் அதிகமோ அங்கே நீலமாகப் பதியும். அவ்வளவு மெல்லிய தாள். அடுத்த ஞாயிறு, டிக்கியின் பக்கவாட்டு மூடிகளுக்கு இடையில் துண்டு துண்டாக ஒன்பது இடத்தில் செருகினாள். இந்தமுறை படுக்க ஆள் தேவையில்லை. கணவனை மைதானத்தில் நிறுத்திவிட்டுத் தனியாகப் பத்துச் சுற்று வந்தாள்.

எட்டு இடம் சுத்தம். மூன்றாவது வரிசை பெல்ட் வெளியே வரும் மூடியின் ஓரத்தில் மட்டும், மிளகளவு ஒரு நீலப்புள்ளி. அங்கே ஒரு துண்டு கம்பளித் துணியை வெட்டி ஒட்டினாள். நாலு வேகத்தடையிலும் ஏறி இறங்கினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கணவன் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு சுற்று கேட்டான். அப்போதும் ஒன்றுமில்லை.

"படுபாவி, பல்வலி மாதிரி இருந்திருக்கு," என்றான்.

அவன் சும்மா இருப்பானா? புள்ளியைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு அதே மாதிரி வண்டிகள் மூன்று வந்து நின்றன. ஒரு கேக் கடைக்காரர், ஒரு நர்ஸ், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. மூன்று வண்டியிலும் அதே 'டிக், டிக்'. "டாக்டர் அம்மா யாரு?" என்று கேட்டார் கேக் கடைக்காரர். அவள் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, சீட்டை உயர்த்தி, தாள் செருகி, சுற்றி வந்தாள். மூன்றில் இரண்டுக்கு அதே இடம். நர்ஸின் வண்டிக்கு மட்டும் எதிர்ப்பக்கம். மதியத்துக்குள் ஊரார் வண்டியை இருபது தடவை திருப்பிவிட்டிருந்தாள். வீட்டுக்குப் போகும்போது கணவன் சாவியை நீட்டவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. தானாக ஏறி ஓட்டினாள்.

அந்த மாதக் கடைசியில் பஸ் பாஸைப் புதுப்பிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், மாமனாரை இடுப்புப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு திரும்பினாள். நேர்வழியில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஒரு குறுகலான சந்தில் நுழைந்தாள். பாதி தூரம் போனதும் எதிரே செங்கல் லாரி. லாரிக்காரர் கையை விரித்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். இவளுக்குப் பின்னால் சந்து காலி. ஆனால் இரண்டு பக்கமும் மதில். பின்பக்கக் கேமராவில் மழைத்துளி அப்பி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். மழை முகத்தில் அறைந்தது. மெல்ல மெல்லப் பின்னால் எடுத்தாள். இந்தப் பக்கம் மதில், நாலு விரல். அந்தப் பக்கம் மாமனார் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "இருக்கு, இருக்கு, வா," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அறுபது அடி இருக்கும். ஒரு கீறல் படாமல் வண்டி தெருவுக்கு வந்தது. லாரிக்காரர் கடந்து போகும்போது கையை நெற்றிவரை உயர்த்திவிட்டுப் போனார்.

பின்னால் மகளும் மகனும், மூன்றாவது வரிசையில் அடுத்தமுறை யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி பின்னால் போனதே இருவருக்கும் தெரியாது.

மாமனார் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "முகத்தைத் தொடச்சுக்கோம்மா. சளி பிடிச்சுக்கும்."

அவள் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினாள்.