ஹாபெக்கர் பூட்டிய கீல்

லங்காஸ்டர் பக்கத்தில் துப்பாக்கிப் பட்டறைக்காரன் ஒருவன் செத்தால், அவன் மேல் மண் விழுந்து காய்வதற்குள் அவன் பெண்டாட்டிக்கு அடுத்த புருஷன் பார்த்துவிடுவார்கள். அவள் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல, பட்டறை மேல் உள்ள கண்ணால். கட்டிக்கொள்கிறவனுக்கு உலை, துருத்தி, அரம், வாடிக்கைக்காரர்கள் எல்லாம் ஒரே நாளில் சொந்தமாகிவிடும். கூடவே ஒரு மனைவியும் கொசுறாக வருவாள்.

அப்பொலோனியாவுக்கு இது தெரியாமல் இல்லை. புருஷன் காஸ்பர் செத்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டறையை அவளே ஓட்டினாள். பித்தளை வேலை கல்யாணமான நாளிலிருந்தே அவள் கைவேலைதான். ஆனால் இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் துப்பாக்கிக் குழாய் அடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் ஒரு முகம் வேண்டும் என்பதையும் அவள் தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தாள். அதனால்தான் ரெடிங் ஊரிலிருந்து துப்பாக்கி ஆசாரி யோஸ்ட் ஹாபெக்கர் வந்து பெண் கேட்டபோது கதவைச் சாத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாமா என்று சனிக்கிழமைக்குள் சொல்வதாகப் பாதிரியாரிடம் சொல்லியிருந்தாள்.

யோஸ்ட் வந்ததும் முதல் வேலையாகச் சுவரில் மாட்டியிருந்த காஸ்பரின் துப்பாக்கியை எடுத்து ஆட்டிப் பார்த்தான். அதன் மர அடிக்கட்டையின் பக்கவாட்டில் ஒரு குழி உண்டு. குண்டைச் சுற்றிக் குழாய்க்குள் இறக்கும் கொழுப்புத் தடவிய துணித் துண்டுகள் அதில்தான் இருக்கும். அந்தக் குழியின் பித்தளை மூடி லொட லொட என்றது.

"இதென்னங்க, துப்பாக்கியா, மாட்டுக் கழுத்து மணியா? மான் இந்தச் சத்தத்துக்கே ஊரைத் தாண்டி ஓடியிருக்குமே!"

"ஓடாத மான் ஒண்ணு இருந்துச்சு. அதோட தோல் மேலதான் நிக்கிறீங்க" என்றாள் அப்பொலோனியா.

அவன் சிரித்தான். தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று அவனுக்கு லேசில் உறைக்காது. மாவு மில்காரர் வெண்டலுக்காக அவள் செய்துகொண்டிருந்த புதுத் துப்பாக்கிக்கு மூடியும் கீலும் தானே போட்டுத் தருவதாக ஏற்றுக்கொண்டான். "கீல்னா எப்படி இருக்கணும்னு இந்த ஊருக்குக் காட்டறேன். தலைமுடி நுழையாது பாருங்க" என்றான்.

பொய் சொல்லக்கூடாது, கை நல்ல கைதான். தகட்டை மடித்து, கம்பி நுழையும் கணுக்களை அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று பல் கடித்தது போலச் சேர்த்தான். எஃகுக் கம்பியை நடுவில் ஓட்டி, இரண்டு முனையையும் தட்டி அடைத்தான். மேசைமேல் வைத்து விரலால் தள்ளினால் மூடி வெண்ணெயாகத் திறந்தது. அப்பொலோனியா அதைப் பார்த்தாள். பிறகு துப்பாக்கிக் கட்டையைப் பார்த்தாள்.

மேசை தட்டை. கட்டையின் பக்கம் தட்டை இல்லை, அதற்கு லேசாக ஒரு தொப்பை உண்டு. கீல் உட்காரும் இடத்தில் மட்டும் மரத்தை நேராகச் செதுக்கிவிட்டு, தகட்டை அந்தத் தொப்பைக்கு வளைத்து ஒட்டவைத்த பிறகுதான் கம்பியை ஓட்ட வேண்டும். முதலிலேயே ஓட்டிவிட்டால், திருகாணி இறுக இறுகத் தகட்டோடு கம்பியும் வளையும். வளைந்த கம்பியில் எந்த மூடி திரும்பும்? பித்தளையில் கை வைத்த எவனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கே கீல் காட்ட வந்தவனுக்கு அந்த நினைப்பே இல்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பங்கரைக்குப் போய்ப் பன்றிக்கறியோடு வேக ஆப்பிள் வற்றலை அள்ளிப் போட்டாள். மனசுக்குள் அவளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே வெண்டல் வந்துவிட்டார். யோஸ்ட் அதற்குள் அவளை ஒருமையில் கூப்பிட ஆரம்பித்திருந்தான். "ஏ அப்பொலோனியா, அவருக்கு ஆப்பிள் சாராயம் ஊத்து" என்று அதிகாரம் வேறு.

வெண்டல் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். மூடியில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினார். அசையவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினார், நகம்தான் பிளந்தது.

"என்ன தம்பி, உள்ள உங்க பாட்டன் சொத்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். "உறைபனியில கரடி எதிர்ல நிக்கும். நான் என்ன, இரு ராசா, ஆசாரியைக் கூட்டிட்டு வர்றேன்னு அதுகிட்டச் சொல்லணுமா?"

யோஸ்டின் காது மடல் சிவந்தது. அவனும் தள்ளிப் பார்த்தான். பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"கீல் இவ பூட்டினது. பொம்பளை ஆசைப்பட்டாளேன்னு விட்டுட்டேன்."

வெண்டல் அப்பொலோனியாவைப் பார்த்தார். அவள் திருப்புளியை எடுத்து திருகாணிகளைக் கழற்றினாள், தகட்டைத் திருப்பிப் போட்டாள், கீலின் கம்பியைத் தட்டி வெளியே எடுத்தாள். கம்பி வில் போல வளைந்திருந்தது. அதை வெண்டலின் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை வாங்கண்ணே. மரத்தைச் செதுக்கிச் சரி பண்ணி வைக்கிறேன்."

"வந்து யாரைக் கேக்கட்டும்மா?"

"என்னைத்தான்."

வெண்டல் போனதும் யோஸ்ட் பாய்ந்தான். "உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கே!"

"ஆமா, பார்த்தேன். ரசிச்சும் பார்த்தேன். அது என் கெட்ட புத்தி, இல்லேங்கல." அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "கீல் இறுகறது யாருக்கும் நடக்கும். காஸ்பருக்கும் நடந்திருக்கு. சாமி மன்னிக்காத வார்த்தையெல்லாம் சொல்லிக்கிட்டே கம்பியைத் தட்டி எடுப்பாரு. யாரு பண்ணின வேலைன்னு கேட்டா, நான்தான்டா முட்டாள்னுவாரு. நீயும் அப்படிச் சொல்லியிருந்தா, இந்நேரம் சிரிச்சுக்கிட்டே உன்கூட உட்கார்ந்து சரி பண்ணியிருப்பேன்."

"ஒரு மூடிக்குப் போய் இவ்வளவு பேச்சா?"

"ஒரு மூடிக்கே என் பேரைச் சொல்லிட்டியே. நாளைக்கு நீ அடிச்ச குழாய் வெடிச்சு ஒருத்தன் செத்தா யாரு பேரைச் சொல்லுவே?"

அவன் அரங்களை எடுத்துத் தோல்பையில் போட்டுக்கொண்டான். அதில் அவளுடைய அரம் ஒன்றும் போயிற்று. கேட்டு வாங்கினாள்.

பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லப் பாதிரியார் வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி வழியில் அழுகை வந்தது. இந்தப் பயலுக்காகவா அழுகிறோம் என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அவனுக்காக இல்லை. காலையில் சாப்பாட்டு மேசைமேல் அவள் இரண்டு தட்டு வைத்திருந்தாள்.