பேனலில் விழுந்த நிழல்

அந்தக் கட்டடத்தில் பகலில் மொட்டைமாடியில் விழுந்த நிழல்கள், பொழுது சாய்ந்து விளக்கு போட்டதும் எல்லா வீட்டுச் சுவர்களிலும் வந்து நடமாடின. சோலார் வைத்த முதல் நாளே இது தொடங்கிவிட்டது. காலையில் பேனல் மேல் உட்கார்ந்த காக்கா ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா வீடுகளிலும் ஒரே சமயத்தில் சுவரில் வந்து உட்கார்ந்து, இறக்கையைக் கோதிவிட்டுப் பறந்தது. பேனல் விற்ற கம்பெனிக்குப் போன் செய்து கேட்டார்கள். கரண்ட் வருகிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வருகிறது என்றதும் அப்புறம் என்ன என்று வைத்துவிட்டார்கள். அதுவும் நியாயம்தான். ஊரில் பாதி நாள் மின்வெட்டு, பக்கத்துத் தெருவெல்லாம் கைவிசிறியோடு உட்கார்ந்திருந்தது. இங்கே காற்றாடி சுற்றியது, ஃபிரிட்ஜில் பால் கெடவில்லை, மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறியது. கூடவே கொஞ்சம் நிழல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

பேனல்களை மாட்டியது நாலாவது மாடியில் குடியிருந்த சோலார்காரர். அவர் அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, அது அவர்களுக்கே மறந்திருக்கும். வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி, மாட்டேன் என்றவர்களைக் கெஞ்சி, முறைத்தவர்களிடம் பல்லைக் காட்டி, கடைசியில் கட்டடத்துக்கே பொதுவாகப் பன்னிரண்டு பேனல்களும் படிக்கட்டுக்கு அடியில் பேட்டரிகளும் வைத்துவிட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே பேட்டரி என்பதால்தான் எல்லாச் சுவரிலும் ஒரே நிழல் வந்தது. இதில் முதலில் மாட்டிக்கொண்டவர் கீழ் வீட்டு ஆடிட்டர். சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்த மனிதர், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று புகை விட்டது அன்று சாயங்காலமே அவர் வீட்டு ஹாலில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மாடிக்குப் போகிறவர்கள் தலை வாரிக்கொண்டு போனார்கள். முதல் மாடி டியூஷன் டீச்சர் மட்டும் எப்போதும் போலத்தான் போனார். அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை, அதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

சோலார்காரரின் மனைவி நர்ஸ். வெள்ளை யூனிஃபார்ம் இரண்டே செட். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மனுஷி வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும் என்பார்கள். புருஷன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அவர் வெயிலில் கருகி வந்து நின்றால், "சூரியனே வீட்டுக்கு வந்துட்டாருங்க, யாராவது மோர் குடுங்க" என்று அவளேதான் கொண்டுவந்து கொடுப்பாள். இப்படி இருந்த வீட்டில்தான் ஒரு நாள் பேச்சு நின்றது. அன்று சாயங்காலம் கட்டடம் முழுக்க விளக்குகள் மங்கி, லிஃப்ட் பாதியில் நின்று, எல்லாரும் மாடியில் கூடிவிட்டார்கள். சோலார்காரர் சோதித்துப் பார்த்தார். ஒரு மூலைப் பேனல் மேல் கொடியில் காய்ந்த துணியின் நிழல் பகலெல்லாம் விழுந்திருந்தது. எல்லாம் ஒரே வரிசையாகக் கோத்தது. ஒரு பேனல் படுத்தால் வரிசையே படுத்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்கும் உற்சாகத்தில், "எந்த அறிவு கெட்டது இங்க துணி போட்டது?" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் கொடியில் தொங்கிய வெள்ளை யூனிஃபார்ம் கண்ணில் பட்டது. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார், டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டுக்காரிக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா என்று பேசிவிடுவார்களே என்று மனிதருக்குப் பயம். "என் பொண்டாட்டின்னா மட்டும் விட்ருவேனா? அறிவு இல்லைன்னா இல்லைதான்!" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லி வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிகரெட்டுக்குப் பழி தீர்ந்த சந்தோஷத்தில் ஆடிட்டர் கொஞ்சம் கூடவே சிரித்தார். நர்ஸ் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரத் துணியை மார்போடு சேர்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதோடு அவள் அவரிடம் பேசுவதை விட்டாள். பேச வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். "சாப்பாடு ஆச்சுன்னு சொல்லு" என்று கடிகாரத்திடம் சொல்வாள். "கேஸ் தீரப் போகுதாம்" என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள். சோலார்காரரும் முதலில், ரெண்டு நாள் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தார். வாரங்கள் போயின. பால்கனியில் அவளுக்கென்று புதிதாக ஒரு கொடி கட்டிக்கொடுத்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளியலறையில் துணி காயப் போட்டாள். யூனிஃபார்மில் நமத்த வாடை வந்தது. பெரிய நர்ஸ் ஒரு நாள் மூக்கைச் சுளித்தாள். அன்று அவள் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"துணியை எடுன்னு சொன்னா எடுத்துட்டுப் போறேன் டீச்சர்" என்று டீச்சரிடம் மட்டும் சொன்னாள். "நாலு பேரு முன்னாடி என்னை வெச்சு நல்லவர் பேரு வாங்கினாரு பாருங்க, அதான் ஆறல. நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடிதான் திரும்ப எடுத்துக்கணும்." டீச்சர் இதைப் போய்ச் சொன்னார். சோலார்காரர், தான் சொன்னதில் டெக்னிக்கலாக என்ன தப்பு என்று கேட்டார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போக யார் தயார் என்று அந்த மாதம் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். அந்த ஊரில்தான் அவளுடைய அக்கா இருந்தாள். ஒரு சனிக்கிழமை, சமையலறையில் நின்று, "வர்றேன்க்கா. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சொல்லிடுறேன். இங்க எனக்கு யாரு இருக்கா?" என்று அவள் போனில் சொன்னது கூடத்தில் ஸ்குரு திருகிக்கொண்டிருந்த சோலார்காரர் காதில் விழுந்தது. கையிலிருந்த ஸ்குரு எங்கே உருண்டது என்று அவர் தேடவில்லை.

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போனதும் அவர் மாடி ஏறினார். காக்கா உட்கார்ந்தாலே கல்லெடுத்துக்கொண்டு ஓடுகிற மனிதர், பேனல்களுக்கு நேர் முன்னால் தன் கையாலேயே கொடி கட்டினார். அவளுடைய யூனிஃபார்ம், போர்வை, தலையணை உறை என்று அகப்பட்டதையெல்லாம் ஊறப்போட்டுத் துவைத்துக் கொண்டுவந்து காயப் போட்டார். அதுவும் போதாதென்று தானும் வெயிலில் நின்றார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார். அவர் மாதிரி ஆள் சோலாரை மறைப்பது என்பது, பால்காரர் பாலைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவது மாதிரி. கட்டடத்துக்கு அன்றைக்குப் பாதி கரண்ட்கூடத் தேறாது என்று கட்டடத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நர்ஸ் வந்தபோது ஊர் முழுக்க மின்வெட்டு. லிஃப்ட் ஓடவில்லை. படி ஏறினாள். புழுக்கத்துக்கு எல்லாரும் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். உள்ளே விளக்குகள் பழுத்த இலை நிறத்தில் மங்கலாக எரிந்தன. கீழ் வீட்டுச் சுவரில் ஓர் ஆள் ஒரு போர்வையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். பிழிகிறானா சண்டை போடுகிறானா என்று சொல்ல முடியவில்லை. ஆடிட்டர் சாப்பாட்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. முதல் மாடிச் சுவரில் அந்த ஆள் ஒரு யூனிஃபார்மை உதறி, தோள்பட்டையை நேராக்கி, மடிப்பை நீவி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி கொடியில் போட்டான். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சீக்கிரம் மேல போ, அப்புறம் எங்கிட்ட கதை சொல்லலாம்" என்று விரட்டினார். இரண்டாவது, மூன்றாவது மாடிகளில் கொடி நிறைய துணிகள் ஆட, நடுவில் அவன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். எதிரே யாரும் இல்லை. வீட்டுக்கு வீடு அவன் அப்படியே நின்றான்.

நாலாவது மாடிக்கு ஏறுவதற்குள் கண்ணீர் அவள் கண்ணை மறைத்துவிட்டது. உள்ளே சோலார்காரர் வெயிலில் வெந்து, மூக்குத் தோல் உரிந்து, காயாமலே கொடியிலிருந்து எடுத்துவந்த துணி வாளியோடு உட்கார்ந்திருந்தார். சுவரிலும் அவர், தரையிலும் அவர். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார். "எல்லாருக்கும் தெரியணும்னுதான்..." வாளியை அவள் பக்கம் நகர்த்தினார். நர்ஸ் வாளியில் இருந்த யூனிஃபார்மை எடுத்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துச் சொன்னாள்: "இப்படியாங்க பிழிவாங்க? இது எந்தக் காலத்துல காயும்?" சோலார்காரர் அழுதுவிட்டார். அவளும் அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது. பிறகு போனை எடுத்து, "அக்கா, நான் வரல" என்று சொல்லி வைத்தாள்.

மறுநாள் அவள் டியூட்டி மதியத்துக்கு மேல். காலையில் இருவருமாக மாடி ஏறி, அத்தனை துணியையும் மறுபடி பிழிந்து அதே கொடியில் காயப் போட்டார்கள். பிழிய அவள் சொல்லிக்கொடுத்தாள், முறுக்குகிற கை தப்பினால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, வாரக்கணக்கில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள். பேனல் பக்கம் யார் நிழல் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் கட்டடத்தில் முந்தின நாளைவிடக் குறைவான வெளிச்சம்தான். தட்டில் இருப்பது பொரியலா துவையலா என்று தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எல்லா வீட்டுச் சுவரிலும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கரண்ட் என்ன ஆச்சு என்று ஒருத்தர்கூட நாலாவது மாடிக் கதவைத் தட்டவில்லை.