முனிக்கு நேர்ந்த சேவல்

"கூடாதுன்னா கூடாது அம்முலு. அவரு புத்தரு. போர்டுலயே எழுதி கீது—"

"யாரா வேணா இருக்கட்டும்யா! நான் முனின்னு சொல்லித்தான வேண்டிக்கினேன்—"

"உசுரு எடுத்தா அவருக்கு ஆவாது, மீட்டிங்ல அவ்ளோ சொன்னாங்க—"

"ஞாயித்துக்கெழம கொழம்ப வழிச்சி வழிச்சி தின்னியே, அப்ப எங்க போயிருந்தாரு உன் புத்தரு?"

கன்னியப்பன் நடையை எட்டிப் போட்டான். "வூட்ல தின்றது வேற. அவரு மூஞ்சிக்கு எதுர்ல அறுக்கறது வேற" என்றான். மனைவியின் கக்கத்தில் கால் கட்டிக் கிடந்த சேவல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

சாலவாக்கம் பஸ்ஸை விட்டிறங்கி ஏரிக்கரையோடு அரை மணி நடந்தால் அந்தக் கல் மண்டபம். நான்கு தூண்கள், ஒரு பக்கம் இறங்கிப்போன கூரை. உள்ளே கால் மடித்து, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் கருங்கல் உருவம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது முனி. நேர்ந்ததை அறுத்துப் பொங்கலிட வருவார்கள். மற்ற நாளில் ஆள் நடமாட்டம் கிடையாது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கக் காரில் வருகிறவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போன மாதம்தான் மெட்ராசிலிருந்து வேனில் சிலர் வந்து, மண்டபத்தைக் கழுவி, 'புத்தர் கோயில், உயிர்ப்பலி கூடாது' என்று நீலப் பலகை மாட்டி, ஊரில் ஒரு மீட்டிங்கும் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்பே, ஆடியில், மகள் பிரியங்காவுக்கு மூளைக் காய்ச்சல். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு நாள் கிடந்த அம்முலு, திசை தெரியாமல் எந்தப் பக்கமோ கும்பிட்டு ஒரு சேவல் நேர்ந்தாள். ஒன்பதாம் நாள் பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. சொன்ன வாக்குத் தவறினால், கிடைத்தது திரும்பப் போய்விடாதா?

மண்டபத்துக்குள் அவள் கத்தியை எடுத்தாள். கன்னியப்பன் தடுக்கவில்லை. பலகையையும் காட்டவில்லை.

"ஜீவாவுக்கு முடியாம கெடந்தப்ப நான் இங்க வந்து அறுத்தேன். ஒண்ணு இல்ல, மூணு. உங்கிட்ட சொல்லல. மூணாவது துடிச்சி அடங்கறதுக்குள்ள, புள்ள போச்சுன்னு ஊர்லர்ந்து ஆளு வந்துட்டான்."

அவர்களுடைய மூத்தவன் ஜீவா போய் ஆறு வருஷம். ஆறு வருஷமும் இதை எங்கே வைத்திருந்தான் இந்த மனுஷன்? அம்முலு அவனைப் பார்த்தாள். பிறகு சிலையைப் பார்த்தாள். உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது, வெறுமையாக. வாங்கிக்கொள்ளவா, ஒன்றும் வேண்டாம் என்பதற்கா, அவளுக்கு விளங்கவில்லை.

கத்தியால் சேவலின் கால் கயிற்றை அறுத்தாள். அது ஓடவில்லை. நொண்டி நொண்டிப் போய், சிலையின் அடியில் யாரோ சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தது.

கன்னியப்பன் துண்டால் முகத்தை மூடித் துடைத்தபடி வெளியே போனான். அவள் சிலைக்குப் பக்கத்தில் குனிந்து, அவன் காதில் விழாதபடி சொன்னாள்:

"வாக்கு குடுத்தது நானு. கேக்கணும்னா எங்கிட்ட வந்து கேளு சாமி. புள்ளகிட்ட மட்டும் போவாத."