அடிக்கட்டை இல்லாத வாசல்

நூர் பாஷா தன் மனைவி வஹிதாவைத் தூக்கும்போது பாரமே தெரியாதவன்போலத் தூக்குவான். காலையில் கட்டிலிலிருந்து சமையல்கட்டுக்கு, அங்கிருந்து புழக்கடைக்கு, மறுபடி கட்டிலுக்கு. பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் தன் பட்டறைக்கு அவன் கிளம்பிப் போனபின், எங்கே இறக்கி வைத்தானோ அங்கேயே அவள் இருப்பாள், மத்தியானம் சாப்பிட அவன் திரும்பி வரும்வரை.

அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. குழந்தை இல்லாத வீட்டில் பகல் நீளமாக இருந்தது. சன்னல் வெயில் சுவரில் இறங்கி, தரையில் ஊர்ந்து, அவள் பாதங்களின்மேல் ஏறும். சூடு தெரியாது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் சொருகும். அந்த அரைத்தூக்கத்தில் அவள் நடப்பதில்லை. பரிசலில் போவதுபோல, தரைக்குக் கொஞ்சம் மேலாக மிதந்து போவாள். வீடு முழுக்கப் போவாள். கதவுகள் தாமாக விலகும்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவன் ஒரு நாற்காலி செய்து கொண்டுவந்தான். பின்னால் இரண்டு சைக்கிள் சக்கரங்கள், முன்னால் ஒரு சின்னச் சக்கரம், அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. கழித்துப்போட்ட லாரிகளிலிருந்து எடுத்த வைப்பர் மோட்டார்கள்தான் அதை ஓட்டின. சீட்டுக்கடியில் பாட்டரி. இப்படி ஒன்றை பெங்களூரில் பார்த்ததாக ஒரு டிரைவர் சொன்னதிலிருந்து மாதக்கணக்கில் மெனக்கெட்டிருந்தான்.

"இந்த சுவிட்ச முன்னால தள்ளு" என்றான்.

தள்ளினாள். அடியிலிருந்து தேனீக்கூட்டம்போல மெல்லிய ரீங்காரம். சுவர் நகர்ந்தது, காலண்டர் நகர்ந்தது, சன்னல் அவளைத் தாண்டிப் போனது. யாரும் தொடவில்லை. வஹிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்து வாசலில் சக்கரம் இடித்து நின்றது. நிலையின் அடிக்கட்டை ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. சமையல்கட்டு வாசலிலும் அப்படித்தான், தெருவாசலிலும் அப்படித்தான். நூர் பாஷா சிரித்துக்கொண்டே குனிந்து, நாற்காலியோடு அவளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

"இந்தக் கட்டைங்கள எடுத்துட்டா நானே போயிடுவேனுங்க" என்றாள்.

"அப்பா பாத்துப் பாத்து வெச்ச நெலை. பாக்கலாம். நாந்தான் இருக்கேனே."

ஆடி போயிற்று, ஆவணி வந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் அவன் பாக்கலாம் என்றான். அவன் கோபப்பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முகம் மலர அவளை நோக்கிக் கை நீட்டுவான். அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை. நாற்காலி கூடத்துக்குள்ளேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்: "நீங்க தூக்கறது எனக்குப் புடிக்கும். தூக்கறதுக்குக் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதான் புடிக்கல."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

மறுநாள் காலை அவன் போனதும், பக்கத்து வீட்டு ரோசம்மாளைக் கூப்பிட்டாள். கட்டட வேலைக்குப் போகிறவள் அவள்.

"ரோசா, இந்தக் கட்டைங்கள அறுத்துக் குடுப்பியா?"

"பாய் ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல. எனக்கு வேணும்."

ரோசம்மாள் போய் ரம்பமும் கடப்பாறையும் எடுத்துவந்தாள். மரத்தூள் புகைபோலக் கிளம்பி, வெயிலில் பொன்னாய்த் தொங்கியது. கட்டைகள் பெயர்ந்து கிடந்ததைப் பார்த்ததும் வஹிதாவுக்குப் பயம் வந்தது. மாமனார் கையால் தொட்டு வைத்த மரம். அதற்குள் ரோசம்மாள் தெருவாசலில் பலகைக்கல்லைச் சாய்த்துப் போட்டு, மண் கொட்டி மிதித்துவிட்டாள்.

"போ வஹிதாக்கா. நான் பின்னால வரட்டுமா?"

"வேணாம். கதவ மட்டும் சாத்து."

சரிவில் இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தெரு. கோழிகள் விலகின. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தி வழியிலேயே நின்றுவிட்டாள். வஹிதா யாரிடமும் பேசவில்லை. முக்காடு காற்றில் வழுக்கியது. வீடுகள் முடிந்து, புளியமரங்களின் நிழலும் வெயிலும் மாறிமாறி மடியில் விழுந்தன. மழை பெய்து ஓய்ந்த மண் வாசம். இருபுறமும் கேழ்வரகு பச்சையாக அசைந்தது. தான் போகிறோமா, வயல்தான் தன்னைக் கடந்து போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வயல் நடுவே ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து நின்றது. பாட்டரி இறங்கிவிட்டது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தும்பிகள் பறந்தன. ஒரு தும்பி அவள் முழங்காலில் உட்கார்ந்தது. உணர்ச்சியில்லாத இடம் என்றாலும் அது உட்கார்ந்தது தெரிந்ததுபோல இருந்தது.

மத்தியானம் வந்த நூர் பாஷா வெறும் வீட்டைத்தான் பார்த்தான். ரோசம்மாள் கைகாட்டிய பக்கம் சைக்கிளை மிதித்து வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. வஹிதாவைப் பார்த்ததும் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தான்.

"யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிடத் தோணலைங்க."

"வூட்டுல வந்து பாத்தா நீ இல்ல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ இருக்கற எடம் எனக்கு எப்பவும் தெரியும். இன்னிக்குத் தெரியல."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். வேர்வையில் முடி நனைந்திருந்தது. இரண்டு பேரும் பயிர் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளிக்கிட்டுப் போலாமா?" என்றான் கடைசியில்.

"வேற பாட்டரி எடுத்துட்டு வாங்க. நானே வர்றேன்."

அவன் எழுந்தான். கை அவளை நோக்கி நீண்டது, பாதியில் நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கேரியரில் பாட்டரியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து மாற்றிக் கொடுத்தான்.

திரும்பும்போது அவள் முன்னால் போனாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தான். சரிவில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. அவன் தொடவில்லை. அவளே பின்வாங்கி, நேராக்கி, ஏறி உள்ளே போனாள்.

அறுத்த இடத்தை நூர் பாஷா விரலால் தடவிப் பார்த்தான். "பிசுறு இருக்கு. சாயந்தரம் இழச்சுடறேன்" என்றான்.

"தாழ்ப்பாளும் ஒசரத்துல இருக்குதுங்க. வெளிய போனா நானே பூட்டணும்."

"எவ்வளவு எறக்கணும்?"

வஹிதா நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கையை நீட்டிக் காட்டினாள்.