அத்தையின் கொட்டாவி

பழைய படங்களைப் போடும் ஒரு தளத்தில் பார்வையாளர்களின் கருத்துகளைச் சலித்து வெளியிடுவது என் வேலை. வசவு இருந்தால் நீக்க வேண்டும். யாராவது ஒரு காட்சியைப் பற்றி எழுதினால், அது படத்தில் எந்த நிமிடத்தில் வருகிறது என்ற எண்ணைக் கீழே சேர்க்க வேண்டும். அந்த எண்ணைத் தொட்டால் படம் நேரே அந்த இடத்திலிருந்து ஓடும். மாவு சலிப்பவளுக்குக் கடைசியில் மாவாவது மிஞ்சும். எனக்கு மிஞ்சுவது கண்ணெரிச்சல்.

இந்த வாரம் ஒரு படத்தைப் புதுப்பித்துப் போட்டார்கள். தன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்ணைச் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவனின் கதை. கடைசியில் அவளைக் கொன்றும் விடுவான். வந்த புதிதில் தியேட்டர்மேல் கல்லெறிந்தார்களாம். இப்போது காவியம் என்கிறார்கள். 'இதை ரசிக்கிறவனும் அந்த ஓட்டையில் கண்ணை வைத்தவன்தான்' என்று ஒருவர் எழுதுவார். 'கலை புரியாதவர்கள் பொம்மைப் படம் பார்க்கப் போகலாம்' என்று இன்னொருவர் பாய்வார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? நாள் முழுக்க இதையே படித்து எனக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. படத்தின் நடுவில் அந்தப் பெண் கால்களை நீட்டி, நாற்காலியில் சரிந்து, முழங்காலைச் சொறிந்தபடி வாய் நிறையக் கொட்டாவி விடுவாள். இப்படி நடிக்க இன்னொருத்தி பிறந்து வர வேண்டும் என்று எல்லோரும் எழுதினார்கள்.

அந்தப் பெண் என் அத்தை, அப்பாவின் தங்கை. நடித்தது அந்த ஒரு படம்தான். பிறகு தையல் மெஷினோடு காலத்தை ஓட்டினாள். மூட்டுவலி வந்தபின் என்னோடு இருக்கிறாள். மத்தியானம் பக்கத்தில் உட்கார வைத்து, புகழ்ந்தவற்றையெல்லாம் வாசித்துக் காட்டினேன். குளிர்ந்துபோவாள் என்று நினைத்தேன்.

"நான் நடிக்கவே இல்லடி" என்றாள்.

"என்ன அத்தை சொல்ற?"

"சாப்பாட்டு நேரம்னு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாரு டைரக்டர். 'நீ இங்கயே கொஞ்சம் கால நீட்டிக்கோம்மா'ன்னாரு. காலையிலேருந்து அழுற சீனா எடுத்து ஓஞ்சு போயிருந்தேன். கதவச் சாத்திட்டு உக்காந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் கேமரா ஓடினது, தியேட்டர்ல படம் பாக்கும்போதுதான் எனக்கே தெரியும்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். 'கொட்டாவிதான விட்ட, என்ன குடி முழுகிப் போச்சு'ன்னான்."

அத்தை தனியாக இருக்கும்போதுகூட நிமிர்ந்துதான் உட்காருவாள். கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். நல்ல வளர்ப்பு என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்திருக்கிறேன்.

"ஒரே ஒரு தடவ சொல்லிடணும்போல இருக்கு. எழுதிப் போடறியா? யாரையும் திட்ட வேணாம். அது நான் இளைப்பாறின நேரம், யாருக்கும் காட்டினது இல்ல. இனிமே அந்த இடத்தப் பாக்காதீங்கன்னு கேட்டுக்கோ. அது போதும்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் பெயரைப் போட்டு, எல்லாக் கருத்துக்கும் மேலே நிற்கும்படி வைத்தேன். அன்று சாயங்காலம் அத்தை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தாள். பார்க்காததுபோல் இருந்தேன்.

மறுநாள் காலை பதில்கள் குவிந்திருந்தன. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் வாசித்தேன்.

'மனம் கனத்துவிட்டது. உடனே போய் மறுபடி பார்த்தேன். உண்மைதான், அவருக்குத் தெரியவே இல்லை.'

'ஐந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்பைவிட இப்போதுதான் நடுக்கமாக இருக்கிறது. காவியம்!'

'அம்மாவுக்கு வணக்கம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.'

எதிலும் ஒரு வசவு இல்லை. விதிப்படி நான் நீக்கக்கூடியது ஒன்றுகூட இல்லை.

"ரெண்டு மணி நேரப் படமாச்சே" என்றாள் அத்தை. "அந்த இடத்த எப்படி எல்லாரும் டக்குனு கண்டுபிடிச்சாங்க?"

அப்போதுதான் பார்த்தேன். 'பார்க்காதீர்கள்' என்று அவள் கேட்டுக்கொண்டதற்கு நேர் கீழே, நீல நிறத்தில் அந்த நிமிடத்தின் எண் இருந்தது. யாரும் கேட்காமலே, என் பழகிய கை போட்டுவிட்டிருந்தது.

"இது என்ன நம்பரு?" என்று அத்தை அதைத் தொட்டாள்.

படம் ஓடியது. கால்களை நீட்டி, நாற்காலியில் சரிந்து, அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னை அத்தை திட்டவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரைக்கு அருகே குனிந்து, தூங்குகிறவளை எழுப்பும் குரலில் சொன்னாள்.

"எந்திரிடி. பாக்குறாங்க."

திரையில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. முழங்காலைச் சொறிந்துகொண்டு, வாய் நிறையக் கொட்டாவி விட்டாள்.