மீந்துபோன இரண்டு பக்கங்கள்

1

வாசகரே, இந்தக் கதை பல வருடம் மனத்தில் ஊறிக் கிடந்து பிறந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், புத்தகத்தில் இரண்டு பக்கம் மீந்துவிட்டது. அதை நிரப்ப எழுதுகிறேன்.

என் மின்னூலை அச்சுப் புத்தகமாக்க, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் ஷாஹிராவிடம் கொடுத்தேன். கோப்பைத் திறந்தவர் பொருளடக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இந்த நீலக் கோடெல்லாம் எதுக்குண்ணே? பேப்பர்ல தட்டுனா எங்கயும் போகாது லா."

மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பக்கங்கள் கூடும். நானும் பெரிய எழுத்தாளன். அச்சிலோ நூற்று நாற்பத்திரண்டு பக்கத்தில் தீர்ந்துவிட்டேன். பதினாறு பக்கம் ஒரு மடிப்பாம். ஒன்பது மடிப்புக்கு நூற்று நாற்பத்து நான்கு வேண்டும்.

"ரெண்டு பக்கம் காலியா விடலாம். இல்லன்னா ஏதாச்சும் எழுதிக் கொடுங்கண்ணே."

காலியாக விடும் பழக்கம் எனக்கு இல்லை.

2

முதல் தொடக்கம்: மார்க்கெட் ஸ்திரீட்டில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில் —

(வேண்டாம். அன்று மழையே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ராகினி என்றொரு பெண், சேலை மடிப்புக் கலையாமல் —

(இதுவும் வேண்டாம். இவரை ஏற்கெனவே ஏழாம் அத்தியாயத்தில் எழுதிக் கெடுத்துவிட்டேன்.)

3

ராகினி என் அக்கா. நிபோங் திபாலில் இருக்கிறார். அம்மாவின் தகனத்தன்று சேலைக்கு இஸ்திரி போட்டு, பவுடர் பூசி, எல்லாம் முடிந்த பிறகு ஆடி அசைந்து வந்து சேர்ந்தார் என்று அந்த அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். மொத்தம் பதினொரு பேர். அதில் இருவர் நானே.*

யாரோ போய் அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். போனில் கூப்பிட்டார்.

"போன்லலாம் படிக்க எனக்குக் கண்ணு தெரியாது தம்பி. புஸ்தகமா கொண்டா. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு பார்த்துட்டுப் பேசுறேன்."

ஏழு மாதமாகப் பேச்சு இல்லை. ஆகவே இந்தப் புத்தகம் அச்சாவது தமிழ் இலக்கியத்தை வளர்க்க அல்ல.

* ஒரு பிரதி போனில், ஒரு பிரதி கணினியில்.

4

ஷாஹிரா எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

"ஏழாவது அத்தியாயம் சரியா பதினாறு பக்கம்ணே. தூக்கினா ஒரு மடிப்பு குறையும், அவ்வளவுதான். தடமே தெரியாது."

முடிவு ஒன்று: தூக்கிவிடுகிறேன். அக்கா பக்கம் பக்கமாகத் தேடி, ஒன்றும் கிடைக்காமல் —

(எழுதியதோடு மறைத்தவனும் ஆவேன்.)

முடிவு இரண்டு: 'யாவும் கற்பனையே' என்று முன்னால் ஒரு வரி போட்டு —

(அக்கா என்னை ஐம்பது வருடமாக அறிந்தவர்.)

5

"அண்ணே, இன்னும் கொஞ்ச வரிதான் இருக்கு."

சரி. தகனம் இரண்டு மணிக்கு. அக்காவிடம் நான்கு என்று சொன்னவன் நான். சாவு வீட்டுக் குழப்பத்தில் வாய் தவறிவிட்டது. அன்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூசினேன். பிறகு கதையாக்கிச் சிரிக்க வைப்பது சுலபமாக இருந்தது. அம்மா முகத்தை அவர் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது என்னால்தான்.

வாசகரே என்று கூப்பிட்டது உங்களைத்தான், அக்கா. இது மாதிரிப் பிரதி, ஒன்றே ஒன்றுதான் அடித்திருக்கிறது. ஏழாம் அத்தியாயம் உள்ளே அப்படியே இருக்கிறது. வைப்பதா எடுப்பதா என்று நீங்கள் சொல்லும்வரை மற்றவை அச்சேறாது. கீழே நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன். திட்டுவதற்கு இடம் போதாவிட்டால், ஒரு மடிப்பு கூட்டித் தருவதாக ஷாஹிரா சொல்கிறார். பேனாவை உள்ளேயே வைத்திருக்கிறேன்.